ஈ.எஸ்.டி.யில் திசுவை இழுத்துப் பிடிக்கும் கருவியை எப்படிச் சோதித்து எடைபோடுவது?

கேள்வி: சார், கிண்டியில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறோம். உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் வரும் ஆரம்பநிலைக் கட்டிகளை எண்டோஸ்கோப்பி வழியாகவே அறுத்தெடுக்கும் ஈ.எஸ்.டி. முறைக்கு உதவியாக, அறுபடும் திசுவை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் கருவி ஒன்று செய்திருக்கிறோம். இழுவிசையை அளந்து பார்த்தோம். ஒப்பிடுவதற்காக வாங்கிய ஒரு கருவியைவிட எங்களுடையது கூடுதலாக இழுக்கிறது. இது நல்ல கருவி என்று காட்ட அடுத்து என்ன செய்ய வேண்டும்? சிகிச்சை நேரம் குறைகிறது என்று காட்டினால் போதுமா? மூன்று உறுப்புகளுக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லலாமா?

பதில்:

தம்பி, வாழ்த்துகள். நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் கை வைக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பவன் நான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதலாக இழுக்கிறது என்பதை வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கத்தி போக வேண்டிய கோடு கண்ணுக்குத் தெரிகிறதா? கஷ்டமான இடத்தில் தெரிகிறதா? இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் டாக்டரின் கையிலும் கடைசிவரை தெரிகிறதா? உங்கள் கருவியை இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

உங்கள் குழுவில் எல்லோரும் ஈ.எஸ்.டி.யை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடல் சுவரில் மேலே சளிப்படலம், கீழே தசை, இரண்டுக்கும் நடுவே தளர்ந்த நார்களும் ரத்தக் குழாய்களும் உள்ள சப்மியூகோசா. புற்று சளிப்படலத்தோடு நிற்கும்வரை, அல்லது நடு அடுக்கில் மிக மேலாக மட்டும் இறங்கியிருக்கும்வரை, நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நிலையில் இரைப்பையையோ குடலையோ வெட்டி எடுக்கத் தேவையில்லை, அந்த மேல் படலத்தை மட்டும் உரித்தெடுத்தால் போதும். கட்டியைச் சுற்றிப் புள்ளி வைப்போம். நீல நிறம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றி நடு அடுக்கை உப்ப வைப்போம். சுற்றிலும் அறுத்துவிட்டு, மின்கத்தியால் நடு அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டே போவோம். கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், கம்பி வளையத்தால் சுருக்கிட்டு எடுக்கும் ஈ.எம்.ஆர். முறையில் ஒரே துண்டாக வருவது கடினம். ஈ.எஸ்.டி.யில் பெரிய கட்டியும் ஒரே துண்டாக வரும். ஜப்பானியர்கள் 1990களின் பிற்பாதியில் இதை உருவாக்கினார்கள். அங்கே இரைப்பைக்கு 2006லும், உணவுக்குழாய்க்கு 2008லும், பெருங்குடலுக்கு 2012லும் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தது. இந்த வரிசையே எந்த உறுப்பு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிவிடும்.

ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனுக்கு இரண்டு கை இருக்கிறது, பக்கத்தில் அசிஸ்டென்டும் இருக்கிறார். ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றவர் அறுப்பார். எண்டோஸ்கோப்பி டாக்டர்களான எங்களுக்கு ஸ்கோப்பின் நுனியில் இருப்பது கருவி போகும் ஒரே துளை, அதாவது ஒரே சானல், அதற்குள் ஒரே கத்தி. டெய்லர் பழைய தையலைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் இரண்டு மடிப்பையும் விலக்கிப் பிடித்தால் நடுவில் நூல் விறைத்து நிற்கும், பிளேடு பட்டதுமே அறுந்துவிடும். மடிப்பு தொளதொளவென்று கிடந்தால் அதே பிளேடு துணியைக் கிழித்துவிடும். எங்களுக்குத் துணியை விலக்கிப் பிடிக்க ஆள் இல்லை. அந்த இரண்டாவது கையைத்தான் நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னால் பலர் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். 2002லேயே ஓயாமா என்ற ஜப்பானிய டாக்டர் திசுவைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பில் நூலைக் கட்டி, அதை வாய் வழியாக வெளியே கொண்டுவந்து இழுத்துக் காட்டினார். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ் நூலே அதற்குப் போதும். பிறகு, ஸ்பிரிங்கின் ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையை எதிர்ச்சுவரிலும் மாட்டும் எஸ்-ஓ கிளிப் வந்தது. பிரான்சில் பல் கம்பி போடுபவர்கள் பயன்படுத்தும் ரப்பர் வளையத்தை இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் மாட்டி அதே வேலையை வாங்கினார்கள். உடலுக்கு வெளியிலிருந்து காந்தத்தால் இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு. சிங்கப்பூரில் உருவான மாஸ்டர் என்ற இரட்டைக் கை ரோபோவை மனிதர்களிடம் முதலில் சோதித்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்து ஊரான ஹைதராபாத். அந்த ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 2012ல் வெளிவந்தன. ரோபோவின் விலையையும் டென்டல் ஃப்ளாஸின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் கருவியின் இடம் எது என்று யோசியுங்கள்.

இனி, எதை அளப்பது என்பதற்கு வருகிறேன். இழுவிசை என்று ஒரே எண்ணைச் சொல்கிறீர்கள். எந்த நிமிடத்தில் அளந்த எண் அது? உங்களுடையது ஸ்பிரிங். கட்டியின் ஓரத்துக்கும் எதிர்ச்சுவருக்கும் உள்ள தூரம்தான் அதன் நீட்சி. அறுக்க அறுக்கப் படலம் எதிர்ச்சுவரை நோக்கி எழும்பிப் போகும், தூரம் குறையும், விசையும் குறையும். தொடக்கத்தில் நன்றாக இழுத்த கருவி பாதி வேலையில் தொய்ந்து நிற்பதை இந்த வேலை செய்யும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனவே எண்ணுக்குப் பதில் வளைகோடு வேண்டும், அதாவது தூரம் 60 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டராகக் குறையும்போது விசை எப்படி மாறுகிறது என்ற வரைபடம். செங்குத்தாக விழும் கோட்டைவிட, குறைந்த விசையிலேயே தொடங்கினாலும் தட்டையாகப் போகும் கோடுதான் எனக்குப் பிடிக்கும். இதே அளவை 37 டிகிரி உப்பு நீரில் ஊறவைத்து, இரண்டு மணி நேரம் கழித்தும் எடுங்கள். உங்கள் வடிவத்தில் ரப்பர் இருந்தால் இது கட்டாயம். அமிலத்திலும் ஒரு முறை எடுங்கள், இரைப்பைக்குள் போகப்போகிற பொருள் அது.

விசையைவிட முக்கியமானது திசை. படலத்தைத் தசையிலிருந்து செங்குத்தாகத் தூக்கினால் நார்கள் விறைத்து நிற்கும், கத்தியைத் தசைக்கு இணையாக ஓட்டலாம். படலத்தைச் சுவரோடு சுவராக இழுத்தால் விசை எத்தனை நியூட்டனாக இருந்தாலும் கோடு திறக்காது. இதற்கு மிக நல்ல சான்று ஜப்பானில் நடந்த கனெக்ட்-ஜி என்ற ஆய்வு. இரைப்பைக் கட்டி உள்ள 600க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் வழக்கமான ஈ.எஸ்.டி., மறுபக்கம் ஃப்ளாஸ் நூல் கட்டிய கிளிப்புடன் ஈ.எஸ்.டி. என்று செய்தார்கள். முடிவு 2018ல் வந்தது. சராசரி நேரம் வழக்கமான முறையில் 60.7 நிமிடம், நூலுடன் 58.1 நிமிடம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரியோடு படிப்பதை நிறுத்தியவர்கள் இரைப்பைக்கு இழுவை வீண் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

அதே ஆய்வை இடம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரைப்பையின் மேல், நடுப் பகுதிகளில் பெரிய வளைவில், அதாவது இரைப்பையின் நீளமான வெளி விளிம்பில், இருந்த கட்டிகளுக்கு வழக்கமான முறையில் 104.1 நிமிடம் ஆனது, நூலுடன் 57.2 நிமிடம்தான். ஏறக்குறைய பாதி. காரணம் நூலின் வழி. நூல் உணவுக்குழாய் வாயிலிருந்து இறங்குகிறது. பெரிய வளைவின் மேல் பகுதி அந்த வாய்க்கு எதிரே கிடப்பதால், நூலை இழுத்ததும் படலம் சுவரை விட்டு நேராக எழும்புகிறது. இரைப்பையின் கீழ்க்கோடியில் இருக்கும் கட்டியை அதே நூல் சுவரோடு சேர்த்துத்தான் இழுக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இரைப்பைச் சுவரில் ஓட்டை விழுந்தது வழக்கமான முறையில் 2.2 சதவீதம், நூலுடன் 0.3 சதவீதம். நேரத்தில் தெரியாத நன்மை பாதுகாப்பில் தெரிந்தது. நேரம் குறைந்தால் போதுமா என்று கேட்டீர்களே, அதற்கு இந்த ஒரு ஆய்வே பதில் சொல்லும். நேரம் மட்டும் போதாது, சராசரி நேரம் என்றால் நிச்சயம் போதாது.

உணவுக்குழாயில் கதை வேறு. அது நேரான குழாய். வாய்ப்பக்கமாக இழுத்தாலே படலம் மேலே மடிந்து அடிப்பகுதி திறந்துகொள்ளும். அதனால் 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உணவுக்குழாய்க் கட்டிகளில் அதே நூல் முறையைச் சோதித்த கனெக்ட்-ஈ ஆய்வில் நேரம் 60.5 நிமிடத்திலிருந்து 44.5 நிமிடமாகக் குறைந்தது. கருவி ஒன்றுதான், உறுப்பு மாறியதும் முடிவும் மாறிவிட்டது.

பெருங்குடலின் வலது பக்கத்தில் இந்த நூல் முறைக்கே சிக்கல். கிளிப்பில் நூல் கட்ட வேண்டும் என்றால் ஸ்கோப்பை முழுவதும் வெளியே எடுத்து, கட்டிவிட்டு, மறுபடி பெருங்குடலின் தொடக்கமான சீக்கம்வரை போக வேண்டும். ஸ்கோப் கண்டபடி வளைந்து கிடக்கும் குடலில் அப்படிப் போய்வந்தால் நேரமும் போகும், நோயாளிக்கும் தொந்தரவு. ஸ்கோப்பை எடுக்காமல் சானல் வழியாகவே போடக்கூடிய ஸ்பிரிங், ரப்பர் வளையம் போன்றவற்றுக்கு மதிப்பு வந்தது இங்கேதான். உங்கள் கருவி மடங்கிய நிலையில் எவ்வளவு பருமன் என்று நீங்கள் எழுதவில்லை. இரைப்பைக்குள் விடும் வழக்கமான கேஸ்ட்ரோஸ்கோப்பின் சானல் 2.8 மில்லிமீட்டர், பெருங்குடலுக்கான கொலனோஸ்கோப்பில் 3.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதற்குள் போனால் மட்டும் போதாது, ஸ்கோப் நுனி முழுக்க வளைந்திருக்கும்போதும் சிக்காமல் போக வேண்டும். மேஜையில் நேராக வைத்துத் தள்ளிப் பார்த்ததைச் சோதனை என்று எழுதாதீர்கள்.

பெருங்குடலைப் பற்றிப் பேசும்போது பிரான்சின் ரிசெக்ட்-கோலன் ஆய்வையும் சொல்ல வேண்டும். அது இழுவை உண்டா இல்லையா என்று ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. இழுவை உத்தி நன்றாகப் பழகிய மையங்கள், பெரிய பெருங்குடல் கட்டிகளை ஈ.எஸ்.டி.யில் ஒரே துண்டாக எடுப்பதையும், ஈ.எம்.ஆரில் பல துண்டாக எடுப்பதையும் ஒப்பிட்டன. ஆறு மாதத்தில் கட்டி திரும்ப வந்தது ஒரே துண்டு முறையில் 0.6 சதவீதம், பல துண்டு முறையில் 5.1 சதவீதம். நோயாளிக்குக் கடைசியில் வேண்டியது இதுதான், மீண்டும் வரக்கூடாது. உங்கள் கருவியால் நேரம் குறைகிறதோ இல்லையோ, ஈ.எஸ்.டி.யைத் தொடவே தயங்கும் டாக்டர் துணிந்து செய்ய முன்வருகிறாரா என்பதும் ஒரு பலன்தான். அதை அளப்பது கடினம் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

இங்கே சென்னை நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் பல பத்தாண்டுகளாக முன்வரிசையில் இருப்பதை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் பதிவேடு காட்டுகிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் வருவது முற்றிய பிறகுதான். சாப்பிட்டது இறங்கவில்லை, எடை குறைந்துவிட்டது என்று வரும்போது ஈ.எஸ்.டி.யின் கட்டம் தாண்டியிருக்கும். ஜப்பானில் ஊர்தோறும் இரைப்பைப் பரிசோதனைத் திட்டம் இருப்பதால் ஆரம்பநிலைக் கட்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அங்கே கற்றுக்கொள்பவர் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள சுலபமான கட்டிகளில் தொடங்கிப் படிப்படியாக மேலே போவார். இங்கே இரைப்பை, குடல் மருத்துவத்தில் டி.எம். மேற்படிப்பு படிக்கும் நம் மாணவருக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. முதலில் வருவதே மலக்குடலில் பரவலாகக் கிடக்கும் பெரிய கட்டியாக இருக்கலாம். அதனால்தான் கற்றுக்கொள்பவரின் கையில் சோதியுங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். ஆயிரம் கேஸ் பார்த்த நிபுணர் இழுவையே இல்லாமல் புவியீர்ப்பையும் ஸ்கோப் நுனியையும் வைத்தே கோட்டைத் திறந்துவிடுவார். அவரிடம் மட்டும் சோதித்தால் உங்கள் கருவியின் பலன் குறைவாகத்தான் தெரியலாம். பெருங்குடலில் நடந்த ஒப்பீடுகளிலும் அனுபவம் குறைந்தவர்களுக்கும் பெரிய கட்டிகளுக்கும்தான் இழுவை அதிகம் உதவுவதாகத் தெரிகிறது. நம்மிடம் இருப்பவை அந்த இரண்டும்தான்.

நேரத்தை அளப்பதானால் ஒழுங்காக அளங்கள். எப்போது கடிகாரத்தைத் தொடங்குகிறீர்கள்? ஊசி போடும்போதா, முதல் வெட்டிலா? கருவியை மாட்ட எடுத்த நேரத்தை உள்ளே சேர்த்தீர்களா? கிளிப் நழுவி இரண்டாவது முறை மாட்டினால் அந்த நேரம் எங்கே போகும்? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் பிறகு எண்ணை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். மொத்த நேரத்தோடு அறுக்கும் வேகத்தையும் எழுதுங்கள். எடுத்த துண்டை நீள்வட்டமாகக் கொண்டால் அதன் பரப்பு, நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் 3.14, வகுத்தல் 4. நீளம் 30, அகலம் 20 மில்லிமீட்டர் என்றால் 471 சதுர மில்லிமீட்டர். 45 நிமிடத்தில் முடிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10.5. இன்னொரு துண்டு 50க்கு 40 மில்லிமீட்டர், 90 நிமிடம் ஆனது என்றால் பரப்பு 1,570, வேகம் நிமிடத்துக்கு 17க்கும் மேல். இரண்டு மடங்கு நேரம் எடுத்த கேஸ்தான் உண்மையில் வேகமாக நடந்திருக்கிறது. ஆனால் பெரிய கட்டியில் இந்த எண் இயல்பாகவே கூடும், பரப்பு கூடுகிற அளவுக்கு, சுற்றிலும் அறுக்க வேண்டிய சுற்றளவு கூடுவதில்லை. ஆகவே கிட்டத்தட்ட ஒரே அளவுக் கட்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

வீடியோவைப் பதிவு செய்யுங்கள். கத்தி இயங்கிய நேரம் எவ்வளவு, நீல அடுக்கு திரையில் தெளிவாகத் தெரிந்த நேரம் எவ்வளவு, எத்தனை முறை மறுபடி ஊசி போட்டார்கள், எத்தனை முறை ரத்தத்தை நிறுத்த நின்றார்கள், தசை எத்தனை இடத்தில் கருகியது என்று எல்லாம் அதிலிருந்து எண்ணலாம். எண்ணுபவர் உங்கள் குழுவில் இல்லாத ஒருவராக இருக்கட்டும். கருவி திரையில் தெரியும் என்பதால் எந்தப் பிரிவு என்பதை அவரிடம் முழுவதும் மறைக்க முடியாதுதான். ஆனாலும் செய்த டாக்டரே எண்ணுவதைவிட நம்பகமானது.

கூடுதல் இழுவை ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். நடு அடுக்கு தளர்ந்து இருக்கும்வரை படலம் மட்டும் எழும்பும், தசை கீழேயே கிடக்கும். அந்த அடுக்கு தழும்பாகி இறுகியிருந்தால் படலத்தோடு தசையும் கூம்பாக எழும்பும். நேராகப் போகும் கத்தி அந்தக் கூம்பின் உச்சியை அறுத்துவிடும், ஓட்டை விழுந்துவிடும். நம் ஊரில் இது அபூர்வமான நிலைமை கிடையாது. வேறொரு இடத்தில் நாலைந்து பயாப்ஸி எடுத்து, பாதிவரை ஸ்னேர் என்ற கம்பி வளையம் போட்டுப் பார்த்து, முடியாமல் அனுப்பிவைக்கப்பட்ட கட்டிகள் அடிக்கடி வருகின்றன. அவற்றின் அடியில் தழும்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் ஸ்பிரிங் இழுப்பதைப் பாதி வழியில் குறைக்க முடியுமா? முடியாது என்றால் கழற்றவாவது முடியுமா? எதிர்ச்சுவரில் மாட்டும் ஸ்பிரிங்கில் ஒரு வசதி உண்டு. குடலுக்குள் வாயுவை ஏற்றினால் சுவர்கள் விலகி இழுவை கூடும், உறிஞ்சினால் குறையும். உங்கள் கருவிக்கும் இது பொருந்துமானால் அதை அளந்து எழுதுங்கள், டாக்டர்களுக்கு மிகவும் பயன்படும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சோதனையையும் செய்தே ஆக வேண்டும். உங்கள் கருவியை உடையும்வரை இழுத்துப் பாருங்கள். எது முதலில் விட்டுக்கொடுக்கிறது? படலத்திலிருந்து கிளிப் நழுவலாம், ரப்பர் அறுந்துபோகலாம். குடல் சுவர் மட்டும் முதலில் கிழியவே கூடாது. அதற்கு முன்னால் அறுந்துபோகும் ஓர் இணைப்பை வேண்டுமென்றே உள்ளே வையுங்கள். வலுவான கிளிப் என்று விளம்பரம் செய்வது சுலபம். எந்த விசையில் தானாக விட்டுவிடும் என்று உறுதியாகச் சொல்வதுதான் கடினம், நோயாளிக்கு வேண்டியதும் அதுதான். கசாப்புக் கடையில் கிடைக்கும் புதிய பன்றி இரைப்பையில் இதைச் செய்யலாம். எண்டோஸ்கோப்பிப் பயிற்சிப் பட்டறைகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அதில் ரத்த ஓட்டம் இல்லை, மூச்சுக்கு அசைவதும் இல்லை, குடலின் சுருக்கமும் இல்லை என்பதை அறிக்கையில் நேர்மையாக எழுதுங்கள். இரைப்பைச் சுவரில் தேறிய விசை பெருங்குடலின் மெல்லிய சுவருக்குப் பொருந்தாது என்பதையும் எழுதுங்கள்.

பெரும்பாலான பொறியாளர்கள் மறந்துவிடும் ஓர் ஆள், திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை தரும் பேத்தாலஜிஸ்ட். எடுத்த துண்டை நாங்கள் அப்படியே ஃபார்மலினில் போட மாட்டோம். போட்டால் சுருண்டுகொள்ளும். தெர்மாகோல் பலகையிலோ கார்க்கிலோ சளிப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி, வாய்ப்பக்கம் எது ஆசனப்பக்கம் எது என்று குறித்து அனுப்புவோம். அவர் அதை 2 மில்லிமீட்டர் கீற்றுகளாக வெட்டி ஒவ்வொரு ஓரத்திலும் புற்றணு தெரிகிறதா என்று பார்ப்பார். கிளிப் பிடித்த இடத்தில் ஓரம் நசுங்கியோ கிழிந்தோ இருந்தால் அந்த ஓரத்தைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. ஓரம் சுத்தம் என்று எழுதிவர வேண்டிய அறிக்கை, சொல்ல இயலவில்லை என்று வரும். அப்புறம் அந்த நோயாளிக்கு ஆபரேஷன் தேவையா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே முழுதாக ஒரே துண்டாக வந்தது எத்தனை, ஓரங்களும் அடிப்பகுதியும் புற்றில்லாமல் வந்தது எத்தனை என்பதோடு, கருவி பிடித்த இடம் நசுங்கியது எத்தனை என்று பேத்தாலஜிஸ்டிடம் கேட்டுத் தனிப் பத்தியாகப் பதிவு செய்யுங்கள்.

அசிஸ்டென்டையும் மறக்காதீர்கள். கிளிப்பைத் திறப்பதும் மூடுவதும் நர்ஸ் அல்லது டெக்னீசியன்தான். "ஓப்பன்... கொஞ்சம் ரொட்டேட்... க்ளோஸ்" என்று டாக்டர் சொல்லச் சொல்ல அவர் கை இயங்கும். உங்கள் கருவியை மாட்ட மூன்று கை தேவை என்றால் அரசு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வடிவமைப்பை முடிப்பதற்கு முன் பத்து வருடம் அனுபவமுள்ள ஒரு டெக்னீசியனிடம் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் மாட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். உங்கள் பேராசிரியர் சொல்வதைவிட அது பெரிய பாடமாக இருக்கும்.

மனிதர்களிடம் சோதனை என்று வரும்போது ஒப்பீட்டுப் பிரிவை நியாயமாக அமையுங்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்துக் கட்டியைப் புவியீர்ப்பால் தொங்கவிடுவது காசில்லாத இழுவை. சின்ன வாசல் வைத்து அடியில் பை போலக் குடைந்துகொண்டு போகும் பாக்கெட் முறையும் கருவியில்லாமலே கோட்டைத் திறக்கும். ஒப்பீட்டுப் பிரிவில் இவற்றைத் தடை செய்துவிட்டு உங்கள் கருவி வென்றது என்று எழுதினால், விஷயம் தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள். அதேபோல் விலை அதிகமான கருவியோடு மட்டும் ஒப்பிடாமல் கிளிப்பும் நூலும் என்ற எளிய முறையோடும் ஒப்பிடுங்கள். கூடுதலாக ஆகும் ஒவ்வொரு ரூபாயையும் நம் நோயாளிகளில் பலர் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும். எதிர்ச்சுவரில் ஏதாவது உலோகம் தங்குமானால் அது எத்தனை நாளில் விழும், அதற்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதற்கும் பதில் வைத்திருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வேண்டிய விஷயம் அது.

சட்டப்பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவில் 2017ன் மருத்துவக் கருவி விதிகள் இதற்குப் பொருந்தும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நோயாளியிடமும் பயன்படுத்தக்கூடாது. ஆய்வைத் தொடங்கும் முன்பே, இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் பதிய வேண்டும். எந்தப் பலனை முதன்மையாக அளக்கப்போகிறீர்கள் என்பதை அங்கே எழுதிவிட்டால் பிறகு மாற்ற மனம் வராது, அது உங்களுக்கே நல்லது. தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கும் ஹெச்.டி.ஐ.சி. மையத்தில் மருத்துவக் கருவிகளை உருவாக்கி இந்தப் பாதையில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, மூன்று உறுப்புக்கும் ஒரே கருவியா என்பது. அப்படிச் சொல்லாதீர்கள். உணவுக்குழாயில் எதிர்ச்சுவர் மிக அருகில் இருக்கிறது, உங்கள் ஸ்பிரிங் நீள இடமே இருக்காது. அங்கே நூலை மிஞ்சுவது கடினம். இரைப்பை அகலமானது, ஸ்பிரிங்கை எங்கே மாட்டுவது என்று திசையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அங்கே உண்டு, ஆனால் தூரம் அதிகம் என்பதால் நீளமான வடிவம் தேவைப்படும். பெருங்குடல்தான் உங்கள் கருவிக்குச் சரியான இடம் என்று நினைக்கிறேன். எதிர்ச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஸ்கோப்பை வெளியே எடுக்காமல் மாட்டுவதற்கு அங்கேதான் உண்மையான தேவை, நம் ஊரில் கேஸும் அங்கேதான் கிடைக்கிறது. மலக்குடலிலும் அதற்கு மேலே உள்ள சிக்மாய்டு பகுதியிலும் 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, முன்பு யாரும் கை வைக்காத கட்டிகள் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். தழும்பு உள்ளவற்றை முதல் சுற்றில் சேர்க்காதீர்கள். அதற்கு முன் தூரத்துக்கும் விசைக்குமான அந்த வளைகோட்டையும், எது முதலில் அறுகிறது என்ற சோதனையையும் முடியுங்கள். முடித்ததும் வரைபடத்தை இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.